உடன்குடி: சிறு வகுப்புகளில் மேல்நிலைக் கல்வி

கருப்பட்டிக்குப் பெயர்போன உடன்குடியில் மாணவரைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்துவது மேல்நிலை வகுப்புகளே. தமிழ்நாட்டில் இவை 1978இல் தொடங்கின. ஆதித்தனார் கல்லூரி 1965 முதல் பக்கத்துத் திருச்செந்தூரிலேயே இருக்கிறது. ஆகவே தூரத்தைவிடத் தயாரிப்புதான் பெரிய கேள்வி. கலை, அறிவியல், பொறியியல் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. இருபது பேர் இருக்கும் அறையில், தொகையீட்டுக் கணக்கில் எந்த வரியில் கழித்தல் குறி விடுபட்டது என்று ஆசிரியர் நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். அறுபது பேர் என்றால் விடை தவறு என்பதோடு நின்றுவிடும். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போயிராத பனைத்தொழில் குடும்பத்துப் பிள்ளைக்கு எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று சொல்லவும் அந்த ஆசிரியரே ஆள்.

அமெரிக்காவின் டென்னசியில் 1985இல் தொடங்கிய, வகுப்பு அளவு பற்றிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகள் பெரிய வகுப்புகளைவிடக் கூடுதலாகத் தேறின. அது சிறு பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுதானே என்ற மறுப்பு நியாயமானது. பிளஸ் டூவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. செலவு கூடும் என்பதும் உண்மை. ஆனால் எல்லாப் பாடவேளைகளிலும் வகுப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. கணிதம், இயற்பியல் பயிற்சி வேளைகளில் மட்டும் பிரிக்கலாம். அதற்கும் முன்பாகக் காலிப் பணியிடங்களில் பாட ஆசிரியர்களை நியமித்தாக வேண்டும்.