பொகொடை ஓவியங்களும் கண்டியர் வண்ணக் கலையும்

ஊவா மாகாணத்திலே பதுளை நகருக்கு அணித்தாய் அமைந்தது ஹாலிஎல. தேயிலைத் தோட்டங்களாலும், 1924 ஆம் ஆண்டிலே பதுளை வரை நீண்ட புகையிரதப் பாதையாலும் அறியப்படும் இவ்வூரின் அயலிலே, அவ்விரண்டிற்கும் நெடுங்காலம் முந்திய சின்னமொன்று உளது. கல்லந்த ஓயாவின் குறுக்கே கூரையோடு நிற்கும் பொகொடை மரப்பாலமே அது. இரும்பாணியின்றி மர ஆணிகளாற் பொருத்தப்பட்ட அப்பாலத்தைக் காண வருவோர் பலர். அதனையடுத்த விகாரையினுள்ளே கண்டிக் காலத்து ஓவியங்களை நின்று நோக்குவோர் சிலரே.

கண்டிய மரபிலே ஒளியும் நிழலும் காட்டி உருவைத் திரட்டும் வழக்கம் இல்லை. செந்நிறத் தளத்தின்மீது வண்ணத்தைத் தட்டையாய் நிரப்பி, விளிம்பைக் கோட்டினால் வரைவர். கதை நீண்ட பட்டிகளாய்ச் செல்லும்; ஒரே பாத்திரம் ஒரே பட்டியிற் பன்முறை தோன்றும். அரண்மனையில் இருந்த வெசந்தரனே கானகத்திலும் இருக்கிறான் என்பதைப் பார்ப்போன் உணர்வது நிறத்தினாலும் முகக்கோட்டினாலுமே. ஆதலின் வண்ணம் இங்கு அணி மாத்திரமன்று. பாத்திரத்திற்கு இட்ட பெயர் போன்றது. திருமாலுக்கு நீலமும் கதிர்காமக் கடவுளுக்குச் செம்மையும் விதித்த வழக்கும் இவ்வகையதே.

அவ்வண்ணங்கள் பெரும்பாலும் மலையும் காடும் தந்தவை. வெண்மைக்கு மக்குல் என்னும் வெண்களிமண், மஞ்சளுக்குக் கொறுக்காய் இனத்து மரமொன்றின் பால், சிலவிடத்து அரிதாரம், நீலத்திற்கு அவுரி, கருமைக்கு விளக்குப்புகை. சிவப்பு சாதிலிங்கத்தினின்று பிறந்தது. இச்சொல்லைச் சிங்கள ஓவியரும் ‘சாதிலிங்கம்’ என்றே வழங்கினர் என்பது தமிழ் மாணாக்கர் கருதத்தக்கது. வண்ணம் சுவரிற் பற்றுதற்கு விளாம்பிசின் கலந்தனர்.

தூரிகையிலேதான் அவர்தம் நுண்ணறிவு புலனாகின்றது. அகன்ற தளத்தை நிரப்பத் தாழை விழுதின் நுனியை நசுக்கி நார்நாராக்கினர். அதனினும் மெல்லிய வேலைக்கு அணில் மயிர் உதவியது. கண்ணிமை, விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றின் கோடுகளுக்கோ ‘தெலிதண’ என்னும் புல்லின் கூரிய இழைகளைக் கட்டிக்கொண்டனர். வழியோரப் புல்லொன்று இத்தகைய கோட்டைத் தருமென முதலிற் கண்டவன் எத்தனை புற்களைச் சோதித்துக் கழித்திருப்பான்!

இம்முறைகளை ஏட்டில் ஏற்றியவர் கொழும்பில் 1877 இல் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த தமிழறிஞர் அவர். மண்ணையும் கல்லையும் ஆராய்ந்த கண்ணே ஓவியனின் வண்ணச் சிரட்டையையும் ஆராய்ந்தது போலும். 1908 இல் அவர் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலே 425 படிகள் மாத்திரம் அச்சிடப்பெற்றது.

அவ்வறிஞரை இப்பணியில் உந்தியது வெறும் ஆய்வு வேட்கையன்று. அழிவு கண்ட துயரமே. பழைய கட்டடங்களைப் பேணுமாறு கண்டியப் பிரதானிகளுக்கு 1905 இலேயே அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். பக்தியின் பெயராற் பழஞ்சுவர்மீது கடைச் சாயம் பூசிப் புதுக்கிய விகாரைகள் பலவாயின. அங்ஙனம் பூசியவர் பழைய நிறத்தை ஒருவாறு ஒத்த நிறம் தேடிக்கொள்ளலாம். புல்லிழை வரைந்த கோட்டைக் கடைத்தூரிகையாற் பின்பற்ற முயன்றபோது அது தடித்தது. இமையும் உதடும் பருத்தன. வெவ்வேறு பாத்திரங்கள் ஒரே முகம் பெற்றன.