ஒரு பூண்டும் ஓர் அரிப்பும்

தோலில் உண்டாகும் துன்பங்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. சொறி, சிரங்கு, படை, தேமல், கரப்பான் என்று நம் முன்னோர் ஒவ்வொன்றையும் வேறு வேறாகக் கண்டு பெயரிட்டுள்ளனர். உண்ணியினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் ஒன்று தோலைத் துளைத்துக் குடியேறுவதால் வருவது சொறி. அது புண்ணாகிச் சீழ் கொண்டால் சிரங்கு. வட்டம் வட்டமாகப் பரவுவது படை. தோல் சிவந்து, நீர் கசிந்து, பின்னர்த் தடித்துக் கறுத்து நெடுநாள் நிற்பது கரப்பான். வீட்டிலுள்ள முதியோர் கையைப் பிடித்துப் பார்த்த அளவிலேயே இன்னது என்று சொல்லிவிடுவர். ஆனால், தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் உழவர் சிலரை ஆண்டுக்கணக்கில் வருத்திவரும் ஓர் அரிப்புக்கு இவ்வாறு பழம்பெயர் ஏதும் இல்லை. அதனைச் 'செடி அலர்ஜி' என்கிறார்கள். அந்நோய் நம் மண்ணுக்குப் புதியது என்பதற்குப் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமான அப்பெயரே முதற்சான்று. எழுத்துச் சான்று கிடைக்காத இடங்களில் மக்கள் நாவில் வழங்கும் சொல்லே வரலாற்றாசிரியனுக்குக் கல்வெட்டாக உதவுவதுண்டு.

அந்நோயைத் தரும் செடியின் பெயரும் அப்படிப்பட்டதே. பார்த்தீனியம் என்பது 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் நூலில் ஏறிய பெயர். கேரட்டின் இலையைப் போல வெட்டுண்ட இலை. இடுப்பளவும் அதற்கு மேலும் வளரும் தண்டு. உச்சியில் அரிசி தூவினாற்போன்ற சிறு சிறு வெண்பூக்கள். மாணவர்களாகிய நீங்கள் பேருந்து நிறுத்தத்திலும், இருப்புப்பாதை ஓரத்திலும், பள்ளி விளையாட்டுத் திடலின் மூலையிலும் இதனை நாள்தோறும் காண்கிறீர்கள். இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகள் இதன் தாயகம். நாட்டின் சில பகுதிகளில் கேரட் புல் என்றும், வேறு சில பகுதிகளில் காங்கிரஸ் புல் என்றும் இதனை அழைக்கின்றனர். வெண்பூக்கள் கதர்க் குல்லாயை நினைவூட்டியதால் இரண்டாம் பெயர் வந்தது என்பர் சிலர். அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்றினால் வந்தது என்பர் வேறு சிலர். அச்சட்டத்தின் கதை சற்று நின்று கேட்கத் தக்கது.

1954ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பொதுச்சட்டம் 480 என்பது அதன் எண். மிகுந்து கிடந்த அமெரிக்கத் தானியத்தைப் பற்றாக்குறை நாடுகளுக்கு எளிய முறையில் விற்க அது வழி வகுத்தது. நம் நாடு அதன்கீழ்க் கோதுமை பெற உடன்படிக்கை செய்துகொண்டது. அக்கோதுமையில் கலந்து வந்த விதைதான் இந்தியா எங்கும் பார்த்தீனியமாகப் பரவிற்று என்பது பரவலாக வழங்கும் செய்தி. பாடப் புத்தகங்களிலும் இதனைக் காணலாம்.

இச்செய்தியை ஆண்டுகளோடு ஒட்டிப் பார்ப்போம். புனே நகரத்துக் குப்பைமேடுகளில் இச்செடி 1955ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஆர். எஸ். ராவ் என்னும் தாவரவியலார் அதனை 1956இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். பொதுச்சட்டம் 480இன்கீழ் இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டதோ 1956 ஆகஸ்டுத் திங்களில்! கப்பல் புறப்படுவதற்கு முன்பே செடி முளைத்துவிட்டது என்றால் அது பொருந்துமா? ஆயினும், கோதுமையின்மீது விழுந்த ஐயம் இதனால் முழுதும் நீங்கிவிடவில்லை. 1951 ஜூனில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டு, 19 கோடி டாலர் கடனில் இருபது இலட்சம் டன் தானியத்தை இந்தியாவுக்கு அளித்தார். விதை அதனோடும் வந்திருக்கலாம். இவ்வளவும் போதாதென்று, 1814இல் வெளியான ராக்ஸ்பரோவின் கல்கத்தாத் தாவரத் தோட்டப் பட்டியலிலும் இப்பெயர் காணப்படுகிறது. தோட்டத்தில் வளர்ந்த அச்செடி அன்றே வெளியேறிப் பரவியதாகத் தெரியவில்லை. என் கருத்து இது: அயல்நாட்டுத் தானியத்தோடு விதை வந்திருக்கக்கூடும் என்பது ஏற்கத்தக்கதே, ஆனால் இன்ன சட்டத்தின்கீழ் வந்த இன்ன கப்பல் என்று விரல் சுட்டுவதற்குச் சான்று போதாது. பஞ்சத்தின் வாயிலில் நின்ற நாட்டுக்கு வந்த உணவைப் பழிப்பதற்கு இன்னும் வலிய சான்று வேண்டும்.

விதைகள் மனிதரோடு பயணம் செய்வது புதிதன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே பார்த்தீனியம் முதலில் பதிவானதும் 1955இல்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானப் பொறிகளோடு அது அங்கே சென்றது என்பர். பிறகு 1960இல் டெக்சாஸிலிருந்து தருவிக்கப்பட்ட புல்விதையோடு கலந்து அது மறுமுறையும் நுழைந்தது. இலங்கையில் 1987இல் வவுனியாப் பகுதிக்குச் சென்ற இந்திய அமைதிப் படையின் உணவுப் பொருள்களோடும் ஆடுகளோடும் அது போய்ச் சேர்ந்ததாகக் கருதுகின்றனர். போரும் பஞ்சமும் எங்கு நேர்ந்தாலும், அவற்றின் பின்னே ஒரு பூண்டும் சத்தமில்லாமல் நடந்து போகிறது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். பழைய பாராமகாலின் பகுதியாகிய இந்நிலம் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. பின்னர்ச் சேலம் மாவட்டத்தோடு இருந்து, 1965 அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. பெங்களூரிலிருந்து ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலை இந்நாட்டின் நடுநரம்பு. படைகள் சென்ற வழியில் இன்று சரக்குந்துகள் செல்கின்றன. 1970களில் பெங்களூரைச் சுற்றிலும் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. 1975இல் கருநாடக அரசு அதனைத் தீங்கு தரும் களையென அறிவித்தது. எல்லைக் கல்லை மனிதர் மதிப்பர், விதை மதிப்பதில்லை. ஒரு செடி பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை ஈனும். அவை மணல் வண்டியிலும், எருக்குவியலிலும், மாட்டின் குளம்புச் சேற்றிலும், மழைநீரிலும் ஏறி எங்கும் செல்லும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களில் அடுத்த தலைமுறை பூத்துவிடும். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி நிலத்தில், சற்றே தரிசாக விட்ட இடமெல்லாம் அதற்குக் குடியிருப்பு ஆயிற்று.

இனி அரிப்புக்கு வருவோம். இச்செடியால் தோல் நோய் உண்டாவதை ஏ. லோங்கர் என்னும் மருத்துவரும் அவருடன் சேர்ந்தோரும் 1968இலும் 1974இலும் எழுதிய கட்டுரைகளால் உலகுக்கு அறிவித்தனர். செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருளே முதன்மைக் குற்றவாளி என்பதை அயல்நாட்டு வேதியியலாரோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. வி. சுப்பாராவ் முதலியோரும் 1970களில் ஆராய்ந்து கூறினர். தண்டிலும் இலையிலும் உள்ள மெல்லிய மயிர்களில் அப்பொருள் தங்கியிருக்கிறது. செடி காய்ந்ததும் மயிர்கள் உதிர்ந்து தூசியோடு காற்றில் மிதக்கும். ஆதலால் செடியைத் தொட்டவருக்கு மட்டுமன்றி, அதன் பக்கமாகச் சென்றவருக்கும் நோய் வரக்கூடும்.

முதல்முறை பட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் நேராது. இதுதான் இந்நோயின் சூழ்ச்சி. பல மாதங்களோ பல ஆண்டுகளோ களை பறித்த பிறகு, உடலின் காவலணுக்கள் அப்பொருளைப் பகையென்று நினைவில் பதித்துக்கொள்ளும். அதன்பின் சிறு தூசி பட்டாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தோல் கொதித்தெழும். கண்ணிமை, கழுத்து, காதின் பின்புறம், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களே முதலில் சிவக்கும். பிறகு அரிப்பு, சொறியச் சொறியத் தோல் யானைத் தோல் போலத் தடிக்கும். சிலருக்கு நாளடைவில் வெயில் பட்டாலே எரியும். நேற்று வரை தீங்கு செய்யாத செடி இன்று எப்படிச் செய்யும் என்று உழவர் நம்ப மறுப்பது இயல்பே.

என்னிடம் படித்து, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிட்டு வாழும் ஒருவர் இந்நோயில் ஆறு ஆண்டுகள் வருந்தினார். அரிப்பினும் பெரிதாக அவரை வருத்தியது ஊரார் பார்வை. முகம் தடித்து, காதுமடல் பருத்திருந்ததால், அவருக்குத் தொழுநோய் என்று யாரோ சொல்லிவிட்டனர். தேநீர்க் கடைப் பலகையில் பக்கத்தில் இருந்தோர் நகர்ந்து அமர்ந்தனர். மகளின் திருமணப் பேச்சு ஒன்று நின்றுபோயிற்று. தொழுநோயில் படை விழுந்த இடம் உணர்ச்சி இழந்து மரத்துப் போகும். அங்கே பொதுவாக அரிப்பு இராது. கரப்பானிலோ தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பே முதல் அடையாளம். பார்த்தீனியக் கரப்பான் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. தொழுநோயும் இன்று மருந்தால் தீர்வதே என்பது வேறு செய்தி. இவ்வேறுபாட்டை ஊரில் ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் அத்திருமணம் நின்றிராது.

அவர் கந்தகச் சவர்க்காரம் போட்டார். வேப்பிலை அரைத்துப் பூசினார். கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினார். களிம்பால் பத்து நாளில் குணம் தெரியும். நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அக்களிம்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் அமெரிக்காவில் மாயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதன் உறவுப்பொருளான ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின்மேல் பூசினால் கரப்பான் அடங்கும் என்று சுல்ஸ்பெர்கரும் விட்டனும் 1952இல் காட்டினர். தோல் மருத்துவத்தில் அது பெரிய திருப்பம். ஆயினும், மருத்துவர் அளவிட்டுத் தராமல் நாமே வலிய களிம்புகளை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியத் தொடங்கும்.

முடிவில் தோல் மருத்துவர் ஒருவர் அவர் முதுகில் சிறு ஒட்டுகளை வைத்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தார். பார்த்தீனியம் வைத்த இடம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. 1895இல் யாடசோன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் உலகறியச் செய்த சோதனை அது. நோயின் பெயரும் காரணமும் தெரிந்த அன்றே பாதிப் பாரம் இறங்கியதாக அவர் என்னிடம் கூறினார். பிறகு, காவலணுக்களின் சீற்றத்தைத் தணிக்கும் அசாதயோபிரின் என்னும் மாத்திரை தரப்பட்டது. இந்நோய்க்கு அதனைப் பயன்படுத்தும் முறையைத் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வப்போது இரத்தம் சோதித்துப் பார்த்தே அதனை உட்கொள்ள வேண்டும். மாத்திரையோடு வாழ்க்கைமுறையும் மாறிற்று. வயலுக்கு முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு. திரும்பியதும் குளியல், உடை மாற்றல். ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய். காய்ந்த செடியைக் கொளுத்தும் இடத்துக்குச் செல்லாமை. தம் வயலோரம் பூக்குமுன்பே செடியை அகற்ற, நோய் வராத உறவினர் கையுறையோடு உதவினர். முழுதும் தெளிய இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்றும் மழைக்காலத்தில் சாலையோரம் நடந்தால் கண்ணிமை முதலில் எச்சரிக்கும் என்கிறார்.

ஒருவர் வயலைக் காத்துக்கொள்ளலாம். சாலையை யார் காப்பது? இங்கே நம் நாட்டின் பழைய செய்தி ஒன்று உதவுகிறது. சப்பாத்திக் கள்ளி ஒரு காலத்தில் தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களை வளைத்துக்கொண்டிருந்தது; அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. கும்பினியார் சிவப்புச் சாயம் எடுக்க எண்ணி 1795இல் பிரேசிலிலிருந்து கள்ளிப்பூச்சியைக் கொண்டுவந்தனர். வந்தது நல்ல சாயம் தரும் இனமன்று, சாயத்தொழில் நொடித்தது. ஆனால் அப்பூச்சி கள்ளியின் ஓர் இனத்தைத் தின்று தீர்த்தது! எஞ்சிய மற்றோர் இனத்துக்காக 1926இல் இலங்கை வழியாக வேறொரு கள்ளிப்பூச்சி வந்து, சில ஆண்டுகளில் பெரும்பரப்பை வெளியாக்கிற்று. இந்த அனுபவம் இருந்தமையால், பார்த்தீனியத்தைத் தின்னும் வண்டு ஒன்றை அறிஞர் மெக்சிகோவிலிருந்து தருவித்து, பிற பயிர்களைத் தின்னாதா என்று சோதித்து, 1984இல் பெங்களூரில் வெளிவிட்டனர். சைகோகிராமா என்பது அதன் பெயர். 1990களின் தொடக்கத்தில் அது சூரியகாந்தியைக் கடிப்பதாக உழவர் முறையிட, அரசு ஆய்வுக் குழு அமைத்தது. பயிருக்குப் பெருங்கேடு இல்லை என்று கண்டபின் வண்டு நிலைத்தது.

கள்ளிப்பூச்சி பெற்ற முழுவெற்றி இவ்வண்டுக்குக் கிட்டவில்லை. வறண்ட மாதங்களில் அது மண்ணுக்குள் உறங்குகிறது. மழை பெய்து அது எழுவதற்குள் செடி முந்திக்கொள்கிறது. ஆகவே ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கொண்டாடிக் கையாலும் களைகின்றனர். மாணவர்களைத் திடல் துப்புரவுக்கு அனுப்பும் ஆசிரியர்கள் கையுறை தந்து, செடி பூக்குமுன் அனுப்புவார்களாக. முன்பே அரிப்பு உள்ள பிள்ளைகளுக்கு வேறு வேலை தருவார்களாக. அடுத்த மழைக்குப் பின் சாலையோரச் செடியின் இலை சல்லடையாகத் துளைபட்டிருந்தால், தொடாமல் சற்றே குனிந்து பாருங்கள். வெளிர்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் கொண்ட சிறு வண்டு அங்கே இருக்கும்.