போருக்குத் திரட்டப்பட்டோர்: கண்டிச் சீமைத் தோட்டங்கள், 1940–1949

இரண்டாம் உலகப் போரில் கண்டியின் பங்கு என்றதும் நூல்கள் பேராதனைப் பூங்காவையே காட்டுகின்றன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை அங்கே அமைத்தார். ஆனால் போருக்கான திரட்டல் அதற்கும் முன்பே சுற்றுமலைகளில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களுக்குள் நுழைந்துவிட்டது. அது குடிமக்களின் இசைவைப் பெற்று நடந்ததன்று. இந்நாட்டவரா என்ற கேள்விக்கு விடை கிடைக்காத மக்களின் உழைப்பைக் கட்டிவைத்து நடத்தப்பட்டது என்பதே என் வாதம்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா ரப்பர் கைவிட்டுப் போயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இலங்கையிலிருந்தே வரவேண்டியதாயிற்று. மரம் பிழைக்குமா என்று பாராமல், பட்டை தீரும்வரை பால்வெட்டும் முறைக்கு அரசே ஊக்கம் தந்தது. புதிய ஆட்களுக்கோ வழியில்லை. திறன்சாராத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு 1939 இலேயே தடுத்திருந்தது. எனவே இருந்த கைகளின் மதிப்பு உயர்ந்தது. சந்தை விதிப்படி கூலியும் உயர்ந்திருக்க வேண்டும். மாறாக, அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் கட்டளை 1942 இல் வந்தது.

அக்கட்டளையின் பின்னணியை ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்டத்தில் காணலாம். 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். வேலைநிறுத்தம் செய்தோருக்குத் துணைநின்ற சமசமாஜக் கட்சித் தலைவர்கள் அவ்வாண்டே கைதாகி, பின்னர் கண்டி போகம்பரைச் சிறையில் வைக்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் அங்கிருந்து தப்பினர்.

1940 இன் ஏழு அம்ச உடன்பாட்டில் தோட்டத்துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களை ஏற்றதே, அது முன்னேற்றமில்லையா என்று கேட்கலாம். முன்னேற்றந்தான். ஆனால் வேலைநிறுத்தம் தடைபட்ட பின் அந்த ஏற்புக்குப் பேரம்பேசும் வலு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கிராமத்தவருக்கும் தோட்டத்தவருக்கும் இடையிலான வேறுபாடு உணவில் இன்னும் துலக்கம். ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கோதுமை மா அடுப்புக்கு வந்தது. கிராமங்களில் பங்கீட்டின் தேவையே கூட்டுறவுக் கடைகளைப் பெருக்கியது. கிராமத்தவர் அங்கே உறுப்பினராயினர். தோட்டத்திலோ அரிசியை அளந்தது நிர்வாகமே. கூலி கொடுப்பவனும் சோறு அளப்பவனும் ஒருவனாக இருக்கும் இடத்தில் அரசின் பங்கீடு உரிமையாக உணரப்படுவது கடினம். ஒரே போர் கிராமத்தவரை அரசோடு நேரே பிணைத்தது; தோட்டத்தவரைத் துரையிடமே விட்டுவைத்தது. தோட்டத்தவரின் பின்னாளைய குடியுரிமைப் பறிப்பை இந்த இடைவெளியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1948 இன் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோரின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. 1949 இன் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி 1 க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிறுவச் சொன்னது. ஏறத்தாழ அவை போர்க்காலத்தைத் தழுவிய ஆண்டுகளே. அந்த ஆண்டுகளில் அவர்கள் இங்கே இருந்தார்களா என்று சட்டம் கேட்டது. வெட்டிய பாலும் பறித்த கொழுந்தும் அதன் கேள்விகளில் இடம்பெறவில்லை.