கத்தி தீட்டுதல்

கத்தி தீட்டுதல் என்பது மழுங்கிய கத்தியின் அலகை, அதனைவிடக் கடினமான ஒரு பொருளில் உரசித் தேய்த்து மீண்டும் கூர்மையாக்கும் செயல் ஆகும். சுழலும் கல்லில் தீட்டுவது சாணை பிடித்தல் எனப்படும். கையால் கல்லில் தீட்டினாலும் கருவியால் தீட்டினாலும் நிகழ்வது ஒன்றே: எஃகு தேய்கின்றது. எந்தக் கோணத்தில், எவ்வளவு, எத்தனை சூட்டில் தேய்கின்றது என்பதிலேயே இம்முறைகள் வேறுபடுகின்றன.

தீட்டும் பொருட்கள்

பழங்காலம் முதல் இயற்கைக் கற்களே பயன்பட்டு வந்துள்ளன. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்ட குருந்தக்கல்லின் ஆங்கிலப் பெயர், குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து தோன்றியதாகும். 1891 ஆம் ஆண்டு அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாக உருவாக்கினார். கார்போரண்டம் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் கல் இதுவே.

கையால் தீட்டுதல்

கல்லை நீர் அல்லது எண்ணெயால் நனைத்து, அலகை ஒரே சாய்வில் பிடித்து நகர்த்த வேண்டும். சமையல் கத்திகளுக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரையான சாய்வு பொதுவானது. பாகையைக் கண்ணால் அளப்பது கடினம். முதுகின் உயரத்தைப் பார்ப்பது எளிது. 40 மி.மீ. அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து சுமார் 10 மி.மீ. உயர்ந்திருந்தால் சாய்வு 15 பாகை, 14 மி.மீ. என்றால் 20 பாகை.

ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்ததும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை விளிம்புக்குக் குறுக்காக, வெளிநோக்கி மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். பிசிறு எழும் முன்னரே கத்தியைத் திருப்பிவிடுவதே புதிதாகப் பழகுவோர் செய்யும் முதன்மைத் தவறு. இரு பக்கமும் முடிந்த பின்னர், நுண்ணிய கல்லில் தீட்டிப் பிசிறை நீக்க வேண்டும். கல்லின் எண், உப்புத்தாளில் உள்ளதைப் போலவே, கூடக்கூடத் துகள் நுண்ணியதாகும். வீட்டுக் கத்திக்கு 1000 எண் கல் ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

மின்சாணையும் வெப்பமும்

50 ஏர்ட்சு மின்சாரத்தில் இயங்கும் பட்டறைச் சாணை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2900 முறை சுழலும். சக்கரத்தின் விட்டம் 150 மி.மீ. எனில் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கும் மேலான வேகத்தில் உரசுகின்றது. அலகின் விளிம்பு மிக மெல்லியது. ஆகவே உராய்வு வெப்பம் பரவ இடமின்றி அங்கேயே தேங்குகின்றது.

கத்தி எஃகு முதலில் கடினமாக்கப்பட்டு, பின்னர் பொதுவாக 150 முதல் 250 பாகை செல்சியசு வரை சூடாக்கப்பட்டுப் பதம் பெறுகின்றது. சாணையில் அந்த வெப்பநிலையைத் தாண்டினால் விளிம்பு மென்மையாகிவிடும். கரிம எஃகில் இது கண்ணுக்கே தெரியும்: முதலில் வைக்கோல் நிறமும், 300 பாகையை நெருங்குகையில் நீலமும் தோன்றும். நீலத்தைத் தேய்த்துப் போக்கலாம். ஆனால் இழந்த கடினம் திரும்பாது. மென்மையான பகுதி முழுவதையும் தேய்த்து நீக்க வேண்டும், அல்லது மீண்டும் பதமேற்ற வேண்டும். சாணை பிடிக்கையில் அலகை அடிக்கடி நீரில் தோய்ப்பது இதனாலேயே. நீரில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் சாணைகளில் இத்தீங்கு அநேகமாக இல்லை. வாய் உடைந்த கத்தியைச் சீராக்க இவை கைக்கல்லைவிட மேலானவை.

இழுவைக் கருவிகள்

இரு கடின உலோகத் துண்டுகளுக்கு இடையில் கத்தியை இழுக்கும் சிறு கருவிகளுக்குப் பழக்கம் தேவையில்லை. ஆயினும் அவற்றின் கோணம் மாறாதது. எஃகைச் சீவி எடுப்பதால் அலகு விரைவில் குறுகும். சப்பானின் யனகிபா போன்ற, ஒரு பக்கம் மட்டுமே சரிவுள்ள கத்திகளை இவற்றில் இழுத்தால் மறுபக்கத்திலும் சரிவு விழுந்து அவற்றின் வடிவமே கெடும். அவற்றைக் கல்லில் மட்டுமே தீட்ட வேண்டும்.

எஃகுக் கோல்

இறைச்சிக் கடைகளில் காணப்படும் எஃகுக் கோல், மடிந்த விளிம்பை நிமிர்த்துவதற்கே முதன்மையாகப் பயன்படுகின்றது. உருண்டு மழுங்கிவிட்ட விளிம்புக்கு இதனால் பெரும் பயன் இல்லை.