கோள் பெயர்ச்சியும் குடிபெயர்ச்சியும்

காரைக்காலுக்கு மாற்றல் ஆணை கிடைத்த அன்று, உற்றார் ஒருவர் நம் தோளைத் தட்டிச் சொன்னார்: "கவலையை விடு தம்பி! பக்கத்திலேயே திருநள்ளாறு. இனிச் சனி உன்னை என்ன செய்துவிடும்?" பள்ளி எப்படிப்பட்டது, பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள், குடியிருக்க வீடு கிடைக்குமா என்று கேட்பாரில்லை. ஊர் பெயர்ந்து போவது நாம். அவர் கவலையோ வானத்தில் பெயரும் கோளைப் பற்றியது!

அந்த வேடிக்கையை எண்ணியபடியே புதுவையில் பேருந்து ஏறினோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி என ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரே ஆட்சிப் பகுதியின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல, இடையே வேறொரு மாநிலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஏன் இந்த விந்தை? தரங்கம்பாடியைக் கடக்கையில் விடை விளங்கிற்று. அங்கே 1620இல் டேனியர் வந்து கோட்டை எழுப்பினர். அதற்குத் தெற்கே, காரைக்காலில், 1739இல் பிரெஞ்சுக்காரர் கொடி நாட்டினர். இன்னும் தெற்கே, நாகப்பட்டினத்தில், முதலில் போர்ச்சுகீசியர். 1658 முதல் டச்சுக்காரர். 1781 முதல் ஆங்கிலேயர். ஒரு மணி நேரப் பயணத்திற்குள் ஐரோப்பாவில் பாதியைப் பார்த்துவிடலாம்!

காரைக்கால் கைமாறிய கதை சுருக்கமானது. தஞ்சை அரியணையை இழந்த மராட்டிய மன்னன் சாகுஜி, பிரெஞ்சுக்காரரிடம் உதவி கேட்டான். விலையாகக் காரைக்காலைத் தருவதாக வாக்களித்தான். அரியணை கிடைத்ததும் வாக்கை மறந்தான். சந்தா சாகிபு ஊரைக் கைப்பற்றிப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தார். கேட்டவர், கொடுத்தவர், மறந்தவர், பறித்தவர் அனைவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. அந்த மண்ணை உழுதவனை மட்டும் எவரும் எதுவும் கேட்கவில்லை.

வந்திறங்கிய முதல் கிழமையிலேயே ஒன்று கண்டோம். வெளியூரிலிருந்து வருவோரில் பெருங்கூட்டம் திருநள்ளாற்றுக்கே வழி கேட்கிறது. நளதீர்த்தத்தில் தலைமுழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டால் பீடையும் போய்விடுமாம். துணி போகிறது, குளம் அழுக்காகிறது, பீடை போயிற்றா என்பதை முழுகியவர்தாம் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள்களெல்லாம் அக்கோயிலின் மேலே வரும்போது மூன்று நொடி செயலற்றுப் போகின்றன என்றொரு கதையையும் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பி வைக்கிறார்கள். செயற்கைக்கோளைச் செய்தவர் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

சனி பெயரும் நாளாவது உறுதியா? வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நாளைச் சொல்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறொரு நாளைச் சொல்கிறது. 2025 மார்ச் 29 அன்று சனி பெயர்கிறது என்றது திருக்கணிதம். எங்கள் கணக்கில் இவ்வாண்டு பெயர்ச்சியே இல்லை, அடுத்த ஆண்டுதான் என்று அறிவித்தது திருநள்ளாற்றுக் கோயில். வானில் இருப்பது ஒரு சனி, பஞ்சாங்கத்தில் இரண்டு! கலிலியோ 1610இல் தொலைநோக்கியால் அக்கோளைக் கண்டார். 1650களில் அதன் வளையத்தை விளக்கினார் ஐகன்சு. 2004இல் 'காசினி' என்னும் விண்கலம் அதனைச் சென்றடைந்து, 13 ஆண்டுகள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, 2017இல் அதன் வளிமண்டலத்திலேயே எரிந்து மறைந்தது. ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகளில் ஞாயிற்றைச் சுற்றிவரும் அந்த வாயுக்கோளத்திற்கு, நம் வீட்டு வாடகைச் சிக்கலைப் பற்றி என்ன தெரியும்?

ஆம், வாடகைச் சிக்கல்தான். வீடு தேடி அலைந்தோம். முதல் வீட்டில் திண்ணையில் அமரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். ஆசிரியர் என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு மெல்ல ஒரு கேள்வி: "தப்பா நினைக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" மனிதர் என்றோம். மோர்க் குவளையை வாங்கிக்கொண்டு, மகன் வெளிநாட்டிலிருந்து வரப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வீட்டிலும் மூன்றாம் வீட்டிலும் அதே கேள்வி. காரணம் மட்டும் வேறு வேறு. நான்காம் வீட்டில் ஓர் இசுலாமிய மூதாட்டி, "எத்தனை பேரு இருப்பீங்க? மழை பேஞ்சா பின்கட்டு ஒழுகும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அங்கேதான் குடியிருக்கிறோம். பின்கட்டு ஒழுகத்தான் செய்கிறது; ஆனால் அந்த வீட்டில் நம் பிறப்பை எவரும் விசாரிக்கவில்லை.

இரவு உறக்கம் வராமல் எண்ணினோம். விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்று மூன்று சொற்களை உலகுக்கு முழங்கிய நாடு, இந்த ஊரை ஆண்டது. இடையில் ஆங்கிலேயர் பறித்துக்கொண்ட காலத்தைக் கழித்தாலும் ஆட்சி நெடியதுதான். அப்படியிருந்தும் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தக் கேள்வி ஏன் சாகவில்லை? வரலாற்றைப் புரட்டினோம். விடை கடற்கரையில் இருந்தது.

1848 ஏப்ரல் 27 அன்று பிரெஞ்சு அரசு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. போற்றத்தக்க ஆணை! ஆனால், கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வெட்ட ஆள் வேண்டுமே? அவர்கள் கண் தமிழ்நாட்டின் மீது விழுந்தது. புதுவையிலும் காரைக்காலிலும் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினர். நிலமில்லாதவர், கடன்பட்டவர், பஞ்சத்தில் அடிபட்டவர், சேரியில் பிறந்ததனாலேயே ஊருக்குள் நுழைய முடியாதவர் எனப் பலரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தனர். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தவர் மட்டுமல்லர். சுற்றியிருந்த தஞ்சைத் தரணியின் ஆங்கிலேயப் பகுதியிலிருந்தும் வந்தனர். நெற்களஞ்சியம் என்று பாடப்பட்ட நாட்டில், நெல் விளைவித்தவன் சோற்றுக்காகக் கடல் கடந்தான்!

ஏறத்தாழ மூன்று திங்கள் கடற்பயணம். 1853 மே 6ஆம் நாள் 'ஒரேலி' என்னும் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்டோரை மார்த்தினிக்குத் தீவில் இறக்கிற்று. அடுத்த ஆண்டு, 1854 டிசம்பர் 24 அன்று, அதே கப்பல் குவாதலூப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை இறக்கிற்று. தொடர்ந்து பல கப்பல்கள். மார்த்தினிக்குக்குச் சென்றோர் ஏறத்தாழ 25,000. குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000. ரெயூனியன் தீவுக்கோ ஓர் இலட்சத்துக்கும் மேல். ஆங்கில அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இலும், மற்ற இரு தீவுகளுக்கு 1888இலும் நிறுத்திற்று. கொடுமைகள் அவ்வளவு! சென்றவர்களிற் பெரும்பாலோர் திரும்பவில்லை. அடிமை முறை ஒழிந்தது. அடிமையின் இடத்தில் தமிழன் நிறுத்தப்பட்டான்.

அவர்கள் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பாரைப் பற்றி அறிந்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. அத்தீவிலே பிறந்து வளர்ந்தும் இந்திய வழியினருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1904இல் அவர் வழக்காடப் புறப்பட்டார். பத்தொன்பது ஆண்டுப் போராட்டம், 1923இல் வெற்றி. அதுவரை சமத்துவம் என்னும் சொல் அங்கே வெறுஞ்சொல்லாகவே இருந்தது.

இக்கரையிலும் அதே கதைதான். 1873இல் புதுவை நீதிமன்றத்துக்குள் காலணியோடு நுழைந்த வழக்கறிஞர் பொன்னுத்தம்பி தடுக்கப்பட்டார். ஐரோப்பியன் காலில் இருந்தால் அது காலணி. தமிழன் காலில் இருந்தால் அது குற்றம்! அவர் பாரிசு வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார். 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணைப்படி, சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை எவரும் ஏற்கலாம் என்றாயிற்று. ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவருமாகப் பலர் துறந்தனர்; புதுக் குடும்பப் பெயர் பூண்டனர். பொன்னுத்தம்பி 'லாப்போர்த்' என்று பெயர் சூடினார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கதவு' என்று பொருள்.

கதவு திறந்ததா? 1884இல் வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, துறந்தோர் ஒன்று, மற்றையோர் ஒன்று. மூன்றுக்கும் சம இடங்கள். விரல்விட்டு எண்ணத்தக்க வெள்ளையருக்கும், பல்லாயிரவரான மண்ணின் மக்களுக்கும் ஒரே எடை! சட்டப்புத்தகத்தில் சமத்துவம், தராசில் கல்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுவை, காரைக்கால் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி மாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் நிறைவேறிற்று. கொடி இறங்கியது, கொடி ஏறியது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பத்தார் இன்றும் இவ்வூரில் இருந்தபடியே பிரான்சு நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஊராட்சிக்கு இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே பெயர். எல்லாம் மாறியும், மாறாமல் நிற்பது அந்தத் திண்ணைக் கேள்வி ஒன்றுதான்.

நமக்குப் புரிந்தது இதுதான்: சமத்துவத்தை எந்தக் கொடியும் கொண்டுவந்து தருவதில்லை. காலணியோடு நுழைந்த பொன்னுத்தம்பியும், தீவிலே வழக்காடிய சிதம்பரமும் கேட்டதனால்தான் கொஞ்சமேனும் கிடைத்தது. கேட்காதவர்க்குச் சட்டம் இருந்தும் இல்லை.

வகுப்பில் ஒருநாள், "உங்கள் ஊரின் வரலாறு என்ன?" என்று கேட்டோம். நளன் கதையைச் சொன்னான் ஒருவன். மாங்கனித் திருவிழாவைச் சொன்னாள் ஒருத்தி. அந்த அம்மையார் கதையையே சற்று நின்று பார்க்கச் சொன்னோம். வணிகத்துக்கெனக் கப்பலேறிய கணவன் பரமதத்தன், திரும்பி வீட்டுக்கு வராமல் பாண்டி நாட்டில் மறுமணம் புரிந்து குடியேறிவிட்டான் என்கிறது பெரிய புராணம். கைவிடப்பட்ட புனிதவதி அழகைத் துறந்து பேயுரு வேண்டினாள். ஒரு பெண் தன் வழியில் தனியே நடக்கப் பேயாக வேண்டியிருந்தது! திருவிழாவில் மாங்கனியைப் பிடிக்க ஆயிரம் கை நீளுகின்றன. அவள் நிலையை எண்ண எத்தனை நெஞ்சம் இருக்கிறது?

அப்போது கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "எங்க பாட்டியோட பாட்டனார் தீவுக்குக் கப்பலேறிப் போனாராம் ஐயா. திரும்பி வரலையாம்." அவர் பெயர் என்னம்மா என்றோம். "தெரியாதுங்க ஐயா. பாட்டிக்கும் தெரியலை" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று, நமக்கும் பேச நா எழவில்லை.

தோழர்களே! 1909இல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் புதுவையிலிருந்து இதே வழியில் வந்து, காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராக அமர்ந்தார். கனக சுப்புரத்தினம் அவர் பெயர். பாரதிதாசன் என்றால்தான் நாடறியும். 37 ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்துகொண்டே சாதியையும் மூடத்தனத்தையும் எதிர்த்துப் பாடினார். நிரவுதல் என்றால் மேடு பள்ளத்தைச் சமன் செய்தல். ஊரின் பெயரே ஆசிரியனுக்குக் கட்டளைபோல் இருக்கிறது!

அக்கட்டளையைச் சிறு அளவில் தொடங்கியிருக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் சென்று, கடல் கடந்தவர் யார், எங்கே சென்றார், ஏன் சென்றார் என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள். கேட்கத்தக்க முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். அந்தச் சிறுமியின் ஏட்டில் ஒரு வரி இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. கோள் பெயரும் நாழிகையைக் குறித்து வைக்க இங்கே இரண்டு பஞ்சாங்கங்கள் இருக்கின்றன. குடி பெயர்ந்தவரின் பெயரைக் குறித்து வைக்க ஒரு குறிப்பேடாவது வேண்டாமா?