கடலுக்கு வந்த காசும் ஆறு கதிரைகளும்

2025 யூலையில் எங்கட உயர் நீதிமன்றம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கில் நூறு கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னபோது, கம்பனி கட்டுமா கட்டாதா என்பதைத்தான் எல்லாரும் கதைத்தோம். கட்டினால் கடலுக்கென்று வரும் காசை யார் வைத்திருப்பது, யாருடைய கையெழுத்தில் அது செலவாகும் என்பதை அவ்வளவாகக் கதைக்கவில்லை. இந்தக் கேள்விக்குள் முப்பது வருசத்துக்கு முன்பே மாட்டுப்பட்டவர்கள் அலஸ்காக்காரர்.

1989 மார்ச் 24, பெரிய வெள்ளி. நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் எக்ஸன் வால்டிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் எனும் குடாவில் பாறைத்திட்டில் ஏறியது. சுமார் 1 கோடியே 10 இலட்சம் கலன் மசகு எண்ணெய் கடலில் கொட்டி, 2,000 கிலோமீற்றர் வரையான கரையைத் தொட்டது. அந்தக் குடாவில் செனேகா என்றொரு பழங்குடிக் கிராமம். 1964 இல், அதுவும் ஒரு பெரிய வெள்ளியில், நிலநடுக்கத்தோடு வந்த சுனாமி ஊரில் மூன்றில் ஒரு பங்கினரைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் இருபது வருசம் சிதறி வாழ்ந்து, 1984 இல்தான் வேறொரு தீவில் ஊரைத் திரும்பக் கட்டினார்கள். ஐந்து வருசத்தில் எண்ணெய் வந்தது. சுனாமி வந்தபோது கைக்குழந்தைகளாக இருந்த எங்களுக்கு, இந்தக் கிராமத்தைக் கடந்து போய் வாசிப்பது கஷ்டமாக இருந்தது.

1991 ஒக்டோபரில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, குற்றவியல் தண்டம் தனியாக இருக்க, எக்ஸன் 90 கோடி டொலரைப் பத்து வருசத்தில் தவணையாகக் கட்டவேண்டும். அந்தக் காசை ரோட்டுப் போடவோ சம்பளம் கொடுக்கவோ எடுக்கேலாது. சேதப்பட்ட இயற்கை வளத்தை மீட்கத்தான் எடுக்கலாம். பொறுப்பு ஆறு பேரிடம்: மத்திய அரசுக்கு மூன்று, அலஸ்கா மாநிலத்துக்கு மூன்று. ஆறு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் விசயம் நின்றுவிடும். மீனவர், பழங்குடியினர், சூழலியலாளர் எல்லாருக்கும் ஆலோசனைக் குழு ஒன்று இருந்தது. வாக்கு இருக்கவில்லை.

முதலில் காசு எடுத்தவை அரசுகளே. சுத்திகரிப்புக்கும் ஆய்வுக்கும் ஏற்கெனவே செலவழித்தோம் என்று 20 கோடிக்கு மேல் திருப்பி எடுத்தன. சட்டப்படி சரிதான். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

1993 இல் ஹெரிங் மீன் குலைந்து போனது. எங்கட சாளையின் சொந்தக்கார மீன். குடாவின் பறவை, திமிங்கிலம், மனிசர் எல்லாம் அதை நம்பித்தான். அந்த ஓகஸ்டில் கோர்டோவா மீனவர்கள் தங்கள் வள்ளங்களை வால்டிஸ் ஒடுங்கிய கடல்வழியில் நிறுத்தி, எண்ணெய்க் கப்பல்களை மறித்தார்கள். கடலுக்கு வந்த காசில் கடலுக்கு என்ன நடக்குது என்று ஆராயக்கூட ஒதுக்கவில்லையே என்பது அவர்களது கோபங்களில் ஒன்று. உள்துறைச் செயலாளர் பேச்சுக்கு வரவேண்டியிருந்தது. அடுத்த வருசமே குடாவின் முழுச் சூழலையும் ஆராயும் பெரிய திட்டத்துக்கு நிதியம் காசு கொடுத்தது. வாக்கில்லாதவர்கள் வள்ளத்தால் வாக்குப் போட்டார்கள் என்றுதான் நாங்கள் இதை வாசிக்கிறோம்.

ஆனாலும் நிதியத்தின் மிகப்பெரிய செலவு காடு வாங்கியது. ஏறத்தாழ ஆறரை இலட்சம் ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்டது. எண்ணெய் கொட்டியது கடலில், காசு போனது காட்டுக்கா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சமன் மீன் முட்டையிடும் ஆறுகள் அந்தக் காட்டுக்குள்தான் ஓடுகின்றன. பாதிக்கப்பட்ட கடற்பறவைகளில் ஓரினம் அங்குள்ள கிழட்டு மரங்களில்தான் கூடு வைக்கிறது. மரம் தறித்தால் இரண்டாம் அடி விழும். விற்றவர்களில் பெரும்பாலோர், 1971 சட்டத்தால் உருவான பழங்குடியினரின் கம்பனிகள். 1997 இல் செனேகாவும் விற்றது. ஊரைத் திரும்பக் கட்டிப் பதின்மூன்று வருசத்தில் நிலத்தின் பெரும்பகுதி அரசின் கைக்குப் போனதை வெற்றி என்று மட்டும் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

கெட்டித்தனமான ஒரு வேலையும் செய்தார்கள். எக்ஸனின் தவணை 2001 இல் முடியும், சேதம் முடியாது என்று தெரிந்து, 1994 திட்டத்தில் வருசம் 1 கோடியே 20 இலட்சம் டொலரைச் சேமிப்பில் போடத் தீர்மானித்தார்கள். நீதிமன்றக் கணக்கில் கிடந்த காசு பெரிதாக வளரவில்லை. 1999 இல் காங்கிரஸ் சட்டம் இயற்றிய பிறகே வெளியே முதலிட முடிந்தது.

மீனவரின் சொந்த நட்டம் இந்த நிதியத்துக்குள் வராது. அது வேறு வழக்கு. 1994 இல் யூரிகள் விதித்த 500 கோடி டொலர் தண்டத்தை, 2008 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 50 கோடியே 75 இலட்சமாகக் குறைத்தது. அதற்குள் வழக்காளிகள் பலர் செத்துப்போயிருந்தார்கள். எங்கட தீர்ப்பும் பாதிக்கப்பட்டோரின் நட்டஈட்டையும் கடலை மீட்பதையும் இரண்டு தனி வேலைகளாகவே பார்க்கிறது. இரண்டாவது வேலையின் மேசையில் நீர்கொழும்புக் கடற்றொழிலாளருக்குக் கதிரை இருக்குமா, இருந்தால் வாக்கும் இருக்குமா என்று இப்பவே கேட்கவேணும்.

கோர்டோவாக்காரரின் ஹெரிங் தொழில் 1999 க்குப் பிறகு வருசக்கணக்காக மூடிக் கிடந்தது. சில கரைகளில் கல்லைப் புரட்டினால், பத்திருபது வருசம் கழித்தும் எண்ணெய் கசிந்தது.