ஒன்ராறியோ: கனடாவின் தென்கோடி மாகாணம்

கனடாவின் மாகாணங்கள் யாவற்றிலும் தெற்கே மிகத் தாழ்ந்து இறங்கியிருப்பது ஒன்ராறியோ. ஈரி ஏரியின் நடுவே, இம்மாகாணத்துக்குரிய மிடில் ஐலண்ட் என்னும் சிறு தீவே கனடா தேசத்தின் தென்கோடி. அது ரோமாபுரியைக் காட்டிலும் சற்றுத் தெற்கிலே கிடக்கிறது என்றால், கனடா என்றதும் பனிப்பாலைவனத்தையே மனத்தில் கொள்ளும் நம்மவர்க்கு ஆச்சரியமாக இருக்கும். ஆயினும் இதே மாகாணத்தின் வட எல்லையான ஹட்சன் விரிகுடாக் கரையிலே துருவக் கரடிகள் சஞ்சரிக்கின்றன. விஸ்தீரணம் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டைப் போல் எட்டு மடங்கு.

இப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வனம். வடகோடியின் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, பூர்வகாலப் பாறைகளாலான கனடியக் கேடயம் என்னும் மேட்டு நிலத்தில், ஸ்புரூஸ், பைன் முதலான ஊசியிலை மரங்கள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அடர்ந்து நிற்கின்றன. அதற்கும் தெற்கே, மேப்பிளும் ஓக்கும் வெண்பைனும் கலந்த காடு. ஈரி ஏரியை ஒட்டிய தென்கோடிப் பகுதியில் மாத்திரம், அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குரிய டூலிப் மரம், சாசஃப்ராஸ் முதலியன வளர்கின்றன. இக்காட்டு வகை கனடாவில் வேறெங்கும் இல்லை.

2021-ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி மாகாணத்தின் ஜனத்தொகை 1 கோடியே 42 லட்சம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் வசிப்பது தெற்கே ஏரிகளை ஒட்டிய சிறு பகுதியில். காடு நிற்கும் வடக்கிலோ ஜனங்கள் சொற்பம். தெற்கில் காடு இல்லாமலிருந்ததன்று. அனிஷினாபே, வென்டாட், ஹோடனஷோனி முதலிய ஆதிக்குடிகள் வேட்டையாடியும் சோளம் பயிரிட்டும் வாழ்ந்த அவ்வனத்தை, பிரிட்டிஷ் கப்பற்படையின் பாய்மரங்களுக்கென்று ஒரு பக்கமும், கோதுமை வயல்களுக்கென்று மறுபக்கமும் 19-ஆம் நூற்றாண்டுக் குடியேறிகள் வெட்டி வீழ்த்தினர். மரம் போன இடத்தில் மணல் பறக்கத் தொடங்கிய பின்னரே அறிவு வந்தது: 1908-இல் எட்மண்ட் ஸாவிட்ஸ் என்பாரின் முயற்சியால் செயின்ட் வில்லியம்ஸ் என்னும் ஊரில் அரசாங்க நாற்றுப்பண்ணை ஸ்தாபிக்கப்பட்டது.

தலைநகரான ரொறன்ரோ 1793-இல் யோர்க் என்னும் பெயரில் நிறுவப்பட்டு, 1834-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நகரும் சுற்றுப்புறமும் சேர்ந்து 62 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிற தேசங்களிற் பிறந்தவர்கள். இந்நகருக்கு அழகு வானளாவிய கோபுரங்களால் அன்று. ஹம்பர், டொன், ரூஜ் ஆகிய ஆறுகள் அறுத்துச் சென்ற மரஞ்செறிந்த பள்ளத்தாக்குகளாலேயே என்பது என் துணிபு. அவை தப்பியதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1954 அக்டோபரில் ஹேஸல் என்னும் புயல் மழையால் ஹம்பர் பெருக்கெடுத்து, கரையோர வீடுகளை அடித்துச் சென்றது. ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டனர். அதன் பின் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டு, அந்நிலங்கள் பூங்காக்களாயின.

இந்நாட்டுக் காட்டின் விசேஷத்தை நுணுகிக் காண்பதற்கு உகந்த காலம் மார்ச் மாதம். இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் அந்நாட்களில், சர்க்கரை மேப்பிளின் அடிமரத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, சிறு குழாய் செருகி வாளியைத் தொங்கவிடுகின்றனர். சொட்டும் சாறு நிறத்தில் வெறும் நீர். நாவில் வைத்தால்தான் இனிப்பு லேசாகத் தெரியும். சுமார் 40 லீட்டர் சாற்றை நீராவி பறக்கக் காய்ச்சினால் ஒரு லீட்டர் பாகு கிடைக்கும். பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி வார்த்த யாழ்ப்பாணத்தார்க்கு இத்தொழிலில் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. மொட்டு விரியத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடுமாதலால் பருவம் சில வாரங்களே. குடியேறிகளுக்கு இவ்வித்தையைக் கற்பித்தவர்கள் ஆதிக்குடிகள்.

கலைகளிலும் காட்டின் முத்திரை உண்டு. அல்கொங்குயின் பூங்காவின் ஏரிகளை வரைந்து, அங்கேயே 1917-இல் நீரில் இறந்த ஓவியர் டொம் தொம்ஸனும், 1920-இல் முதற் கண்காட்சி நடத்திய எழுவர் குழு என்னும் ஓவியர் கூட்டமும், ஐரோப்பியப் பாணியை விட்டு விலகிக் காற்றில் வளைந்த பைன் மரத்தை இத்தேசத்தின் அடையாளமாக்கினர்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையாக வந்த தமிழர், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலும் பின்னர் அடுத்துள்ள மார்க்கம் நகரிலும் நிலைபெற்று, லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் சமூகமாயினர். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோவில், 2001-இல் தொடங்கிய தமிழ் இலக்கியத் தோட்டமும் அது வழங்கும் இயல் விருதும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கை ஆகியன அவர்களுடைய உழைப்பின் பயன். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக மாகாணச் சட்டமன்றம் 2014-இல் ஏற்றது. பனி நிலத்தை ஆறாம் திணையாகக் கொள்ள வேண்டுமென்று எழுத்தாளர் சிலர் சொன்னதுண்டு. ஆனால் இங்குள்ள தமிழெழுத்தில் பனி பெற்ற இடத்தைக் காடு இன்னும் பெறவில்லை.

இத்தனைக்கும் ஸ்காபரோவின் கிழக்கெல்லையிலேயே, சுமார் 79 சதுர கிலோமீட்டர் பரப்பில், ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் செனேக்கா மக்கள் குடியிருந்த ஊரின் தடயம் அதனுள்ளே உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை; பூங்காவை அடுத்த மிருகக்காட்சிச்சாலையின் வாயில்வரை நகரப் பேருந்தும் செல்கிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறையேனும் தமிழ்க் குடும்பங்கள் போய்வர வேண்டும்.